ஜெத்தான் பலகையில் ஒரு வழக்கு

  

எட்கர் ரைஸ் பரோஸ் 1912இல் தொடங்கிய பார்சூம் வரிசை பற்றி எங்களுக்குள் நடக்கும் சண்டை உங்களில் பலர் அறிந்ததே. பதினொரு நூல்கள், செவ்வாயில் வாள் சுழற்றும் ஜான் கார்ட்டர். அறிவியலே தப்பு, குப்பை என்கிறார்கள் ஒரு சாரார். சாகசக் கதையில் அறிவியலைத் தேடுவானேன் என்கிறார்கள் மறு சாரார். இரு தரப்புக்கும் நான் இரண்டுங்கெட்டான்.

முதல் சாராருக்கு விடை சுருக்கமானது. செவ்வாயில் கால்வாய்கள் உண்டென்று வானியலாளர் பெர்சிவல் லோவெல் 1895இலேயே நூல் எழுதிவிட்டார். 1965இல் மரைனர் 4 விண்கலம் படமெடுத்து மறுத்ததற்குப் பரோஸ் என்ன செய்வார்?

என் மனத்தாங்கல் வேறு. 1922இல் வந்த ஐந்தாம் நூலில் ஜெத்தான் என்றொரு செவ்வாய்ச் சதுரங்கம் வருகிறது. நூறு கட்டம், தரப்புக்கு இருபது காய். எதிரியின் இளவரசியைப் பிடித்தால் வெற்றி. தலைவனைத் தலைவனே வெட்டினாலும் வெற்றி. வேறு காய் வெட்டினால் ஆட்டம் டிரா. இளவரசி யாரையும் வெட்டக் கூடாது. ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை பத்துக் கட்டம் தப்பி ஓடலாம். எவ்வளவு நேர்த்தியான விதிகள்! பின்னிணைப்பில் முழுவதும் கொடுத்திருக்கிறார். சிறுவயதில் அட்டையில் கோடு கிழித்து, புளியங்கொட்டையும் சோழியும் வைத்து நானும் தம்பியும் ஆடியிருக்கிறோம்.

கதையில் வரும் மனாட்டர் நகரத்திலோ காய்கள் மனிதர்கள். எதிரியின் கட்டத்தில் கால் வைத்தால் உடனே வெட்டாகிவிடாது, வாட்போர் மூளும். பிழைத்தவனுக்கே கட்டம். நம் சதுரங்கத்தில் சிப்பாய் ராணியை வெட்டினால் வெட்டியதுதான், ராணி மறுப்புச் சொல்ல முடியாது. இங்கே வெட்டப் போனவனே சாகலாம். ஒவ்வொரு நகர்வும் பாதி கணக்கு, பாதி துணிச்சல். அறிவியல் சாகசம் என்ற கூட்டுச்சொல்லுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

அங்கேதான் பரோஸ் கைவிடுகிறார். நாயகன் கஹான் தலைவன் காயாக இறங்குகிறான். பந்தயம் கார்ட்டரின் மகள் தாரா. (பாஞ்சாலியை உடனே இழுத்துவரும் நண்பர் முன்வரிசையில் இருக்கிறார், அங்கே தருமன் தோற்றான் ஐயா, அதனால்தான் அது கதை.) கஹானின் வாளுக்கு ஈடில்லை என்பது நமக்கு முன்பே தெரியும். பிறகு எந்தக் கட்டத்தில் நின்றால் என்ன? விதிகளை வகுத்தவரே அவற்றைச் செல்லாக்காசாக்குகிறார். பதினான்கு வயதில் அந்தப் பக்கங்களை மூச்சுவிடாமல் படித்தேன். சென்ற மாதமும் அப்படியே. மூடிவைத்த பிறகுதான் ஏமாந்தது உறைத்தது.

முதல் நூலின் முடிவு இதற்கு மறுதலை. செவ்வாய்க்குக் காற்றைத் தரும் ஆலை நின்றுபோகிறது. கதவைத் திறக்கும் எண்ண அலைகளைக் கார்ட்டர் அறிவான். ஆனால் திறந்ததும் மூச்சின்றி விழுகிறான். உள்ளே ஊர்ந்து போவது வேறொருவன். வாள் உதவாத இடம் அது. விரித்துப் பேச நேரமில்லை.

கார்ட்டர் அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் கேப்டன். செவ்வாயின் நிறவரிசையை அதனோடு சேர்த்து யாராவது ஆராய வேண்டும். ஐந்தாம் நூலில் வரும், உடலின்றி வாழும் கால்டேன் தலைகள் தனி ஆய்வுக்குரியவை. இளைய ஆய்வாளர் ஒருவர் வாட்போருக்குப் பகடையை வைத்து நூறு ஜெத்தான் ஆட்டம் ஆடிக் குறித்துவைத்தால் நல்லது. அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. சோழிதான் நான்கு குறைகிறது.