கம்ப்யூட்டரும் நம் ஆய்வுக்கூடமும்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் இயற்பியல் துறை ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர்கள் சில தூசி படிந்து கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. போடுவதற்கு முன் இரண்டையாவது எடுத்து வையுங்கள் என்று கேட்கத்தான் இங்கே நிற்கிறேன்.

அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. 25 துளை உள்ள ஒரு கனெக்டர் இருக்கும். 1981-ல் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து பிரிண்டரை மாட்டப் பயன்பட்ட பேரலல் போர்ட் அது. அதில் 8 கம்பிகள் டேட்டாவை வெளியே அனுப்பும். 5 கம்பிகள் வெளியில் நடப்பதை உள்ளே சொல்லும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இதன் முகவரி 888. டாஸில் பேசிக் மொழியில் ‘அவுட் 888, 1’ என்று ஒரே வரி எழுதினால் 2-ம் பின்னில் வோல்டேஜ் ஏறும். 1-க்குப் பதில் 0 போட்டால் இறங்கும். மீட்டரை வைத்துக் கண்ணால் பார்க்கலாம். அவ்வளவுதான் சங்கதி!

இதை வைத்து என்ன செய்யலாம்? புவியீர்ப்பு முடுக்கத்தையே எடுத்துக் கொள்வோம். மின்காந்தத்தில் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிடுங்கள். அந்தக் காயிலை ஓட்டும் அளவுக்கு போர்ட்டில் கரண்ட் கிடையாது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட மறக்காதீர்கள். கீழே குண்டு விழுந்தால் மூடுகிற ஒரு சுவிட்ச். அதன் கம்பி 10-ம் பின்னுக்கு. காந்தத்தை அணைத்த நேரத்துக்கும் சுவிட்ச் மூடிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரோகிராம் எண்ணிவிடும். 50 செ.மீ. விழ ஏறக்குறைய 0.32 விநாடிதான். ஸ்டாப் வாட்ச்சை அமுக்குவதற்குள் விரலே 0.2 விநாடி சாப்பிட்டுவிடும்!

இங்கேதான் பாடம் ஆரம்பம். கம்ப்யூட்டர் சொன்ன நேரத்தை அப்படியே போட்டால் விடை 9.8-க்குக் குறைவாக வரும். காரணம், கரண்டை நிறுத்திய பிறகும் காந்தம் குண்டைச் சற்று நேரம் பிடித்துக் கொண்டிருக்கும். என்ன செய்வது? ஐந்தாறு உயரங்களில் அளந்து, உயரத்தின் வர்க்கமூலத்துக்கும் நேரத்துக்கும் வரைபடம் போடுங்கள். நேர்கோடு வரும். அது நேர அச்சை வெட்டும் இடம்தான் காந்தத்தின் தாமதம். சாய்வின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் விடை. திரையில் வரும் எண்ணும் தப்பலாம், அந்தத் தப்பையும் நாமே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு மாணவனுக்குப் புரிய இதைவிட என்ன வேண்டும்?

‘இதெல்லாம் பழங்கதை, சார்’ என்று தம்பிகள் சொல்வது கேட்கிறது. நியாயம்தான். இன்றைய லேப்டாப்பில் இந்த போர்ட்டே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பி போன்றவை புரோகிராமை போர்ட்டில் நேராகக் கை வைக்க விடுவதில்லை. பல வேலைகளை ஒன்றாகப் பார்க்கும் சிஸ்டத்தில் நேரக் கணக்கும் பிசகும். அதனால் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு நேரத்தை அளந்து யு.எஸ்.பி. வழியாகச் சொல்வதே இன்றைய முறை. டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் ஃபீனிக்ஸ் திட்டத்தில் உருவான எக்ஸ்ப்ஐஸ் கருவி இப்படிப்பட்டதுதான். அதையும் அவசியம் வாங்குவோம்.

ஆனால் பட்டனை அமுக்கினால் கிராஃப் வருகிறது என்பதோடு நின்றுவிட்டால், அது பரிசோதனை ஆகாது; வேடிக்கை பார்ப்பது. ஒரு கம்பி, ஒரு வோல்டேஜ், ஒரு எண் என்ற தொடர்பைத் திறந்து காட்டுவதற்கு அந்தப் பழைய பெட்டி போதும்.

ஆகவே நண்பர்களே, இரண்டு பெட்டிகளை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் செலவை நம் பேட்ச் ஏற்றுக் கொள்ளும். சாலிடரிங் அயர்னைப் பிடிக்க வேண்டியது தம்பி தங்கைகள்.