அலாஸ்காவின் நீலப் பூ

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலக் கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? கருநீலத் துணியில் எட்டு பொன் நட்சத்திரங்கள். 1927-இல் அதை வரைந்தவர் பென்னி பென்சன் என்ற பள்ளி மாணவர். ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். அந்த நீலம் வானத்துக்கும், ஃபர்கெட்-மீ-நாட் பூவுக்கும் என்று அவரே விளக்கமும் எழுதினார்.

மலைச்சரிவில் பூக்கும் சாண் உயரச் செடி இது. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம், நடுவே மஞ்சள் வளையம். மகரந்தம் சேர்ந்து பூவுக்கு வயதானதும் அந்த மஞ்சள் வெளுத்துவிடும். ‘இங்கே கடை மூடியாச்சு’ என்று தேனீக்குச் சேதி!

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் கோடைத் தொடக்கத்தில் விதைத்து, மெல்லிசாக மண் மூடுகிறார்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பூப்பது அடுத்த வசந்தத்தில். துலிப் செடிகளின் காலடியில் இதை நிரப்பினால் பாத்தியே நீலமாகிவிடும். மண் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வெயில் ஏறினால் இலையில் சாம்பல் நோய் படியும். அப்போது செடியைப் பிடுங்கிவிடலாம். ஆனால் இரண்டு மூன்றை விட்டுவையுங்கள். விதை தானே உதிர்ந்து முளைக்கும். சில சமயம் நடைபாதை இடுக்கில்கூட!