பெட்டி வந்துவிட்டது, பதிவு வரவில்லை

இன்று பட்டம் வாங்கும் நர்ஸ் பிள்ளைகளே,

என் வீட்டில் மூன்று கறுப்பு ட்ரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. பட்டாளத்துக்காரரைக் கட்டியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் பழைய ஊரின் மேல் கறுப்பு அடித்து, வெள்ளைப் பெயின்டில் புது ஊரை எழுதுவார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் அடியில் புதைந்த ஊர்களெல்லாம் மேடு தட்டித் தெரியும்: வெலிங்டன், செகந்திராபாத், ஜோத்பூர், பதான்கோட். பெயின்ட் காய ஒரு மணி நேரம் போதும். ஒருமுறை என் நர்ஸ் பதிவு மாற ஏழு மாதம் ஆனது. எந்த ஊரில் என்பது இப்போது வேண்டாம்.

நீங்கள் பதியப்போவது நம் மாநில நர்ஸிங் கவுன்சிலில். வேறு மாநிலத்தில் வேலை என்றால் அங்கேயும் பதிய வேண்டும். அதற்கு இங்கிருந்து, ‘இவர் எங்களிடம் பதிந்தவர்தான், ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு தாள் போக வேண்டும். அந்தத் தாள் எந்த மேசையில் தூங்கியதோ!

அந்த ஏழு மாதத்தில் ஒரு ராத்திரி, பக்கத்து க்வார்ட்டர்ஸ் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், வாயில் ஸ்பூன் திணிக்க வந்த பாட்டியைத் தடுத்தேன், கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், “நீங்கள் நர்ஸா?” என்றார். என்ன பதில் சொல்ல? இரண்டு நாள் முன்புதான் அதே ஆஸ்பத்திரியில் வேலை கேட்டு, பதிவு இல்லை என்று திரும்பியிருந்தேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கும் லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆனால் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. ராணுவ உத்தரவால் இடம் மாறினால், கணவனோ மனைவியோ வைத்திருக்கும் தொழில் லைசென்ஸ் புது மாநிலத்திலும் செல்லும் என்றது. நர்ஸ், டீச்சருக்கெல்லாம் வழி விட்டவர்கள் அப்போது வக்கீலை மட்டும் விலக்கிவைத்தார்கள். நம் நாட்டில் நேர்மாறு! 1961-ஆம் வருட வழக்கறிஞர் சட்டத்தின் 30-வது பிரிவு 2011-ல் அமலுக்கு வந்தது. வக்கீல் இந்தியா முழுக்கத் தொழில் செய்யலாம். காய்ச்சல் பார்ப்பவளுக்குத்தான் தாள் வேண்டும். 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புது நர்ஸிங் சட்டம் தேசியப் பதிவேடு வைக்கச் சொல்கிறது. அது ஒழுங்காக நடந்தால் சந்தோஷப்படும் முதல் ஆள் நான்தான்.

இது பெண்கள் கதை என்று பையன்கள் சிரிக்க வேண்டாம். மனைவி மிலிட்டரி நர்ஸிங் சர்வீஸில் அதிகாரியானால், பெட்டியோடு பின்னால் போவது நீங்கள்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். மேடையிலிருந்து இறங்கியதும் சான்றிதழை லாமினேட் செய்ய ஓடாதீர்கள். வெளிமாநிலத்தில் பின்பக்கம் முத்திரை வைக்கக் கேட்பார்கள். பிளாஸ்டிக்கில் மை ஒட்டாது. நான் ஓடியவள். மூன்று வருடம் கழித்து, ஜோத்பூர் வெயிலில் உட்கார்ந்து ஷேவிங் பிளேடால் உரித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.