‘நல்லாயிருக்கு’ - யாருக்கு?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



டி.வி., பாட்டு, சினிமா, புத்தகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கு, போராட்டம்னு அலைஞ்சுகிட்டிருக்கிற நேரத்துல இதென்ன பொழுதுபோக்குப் பேச்சுன்னு சில தோழர்கள் நினைக்கலாம். ஆனா கூட்டம் முடிஞ்சு டீக்கடைக்குப் போனா நாம பேசுறது இதைத்தான். ‘படம் நல்லாயிருக்கு.’ ‘பாட்டு சூப்பர்.’ ‘புத்தகம் ஓடவே இல்ல.’ ரெண்டு வார்த்தையில தீர்ப்புச் சொல்லிட்டு, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுறோம். அந்த ரெண்டு வார்த்தை யார் வீட்டிலிருந்து நம் வாய்க்கு வந்தது என்று கேட்பதில்லை. இன்றைக்கு அதைக் கேட்போம்.

1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்தது. தேசிய விருது வாங்கிய படம். நடிப்பு, இசை, படம் பிடித்த விதம் எல்லாமே உயர்ந்த தரம். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை. அதில் இசக்கி என்று ஒருவன் வருகிறான். வடிவேலு நடித்தார். பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னதற்காகப் பூட்டிக் கிடந்த கோயில் கதவைத் திறந்துவிடுகிறான். அதற்காக அவன் கை வெட்டப்படுகிறது. பகை ரெண்டு பங்காளி வீட்டுக்கு. போனது இசக்கியோட கை. படத்தில் வீரமும் கண்ணீரும் பெரிய வீட்டுக்குப் போகிறது. கை போனவனுக்கு விசுவாசம் மட்டும் மிச்சம். கொட்டகையை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கையைப் பற்றிப் பேசினார்கள்?

அந்தப் படத்துப் பாட்டு ஒன்று அன்றிலிருந்து சாதி விழாக்களில், ஊர்வலங்களில் ஒலிபெருக்கி கட்டிப் போடப்பட்டு வருகிறது. கேட்டால், ‘பாட்டுதானப்பா, நல்லாயிருக்கு, கேட்டுட்டுப் போ’ என்பார்கள். மெட்டு நல்ல மெட்டுதான். ஆனா ஊர்வலம் சேரி முனைக்கு வரும்போது சத்தத்தைக் கூட்டி வைப்பானே, அப்ப நம்ம காதுக்கு அது பாட்டா, எச்சரிக்கையா?

2023இல் மாரி செல்வராஜ் ‘மாமன்னன்’ எடுத்தார். இசக்கிதான் தன் படத்தில் மாமன்னனாக வந்திருக்கிறான் என்ற பொருளில் மேடையிலேயே சொன்னார். அதே வடிவேலு இந்தப் படத்தில் சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் ஆதிக்க சாதித் தலைவர் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கிறார். ‘உட்காருப்பா’ என்று மகன் நிற்பதுதான் படத்தின் உயிர். முப்பத்தோரு வருசம் கழித்து இசக்கிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். படத்தில் வில்லன் ரத்னவேலு. நாயை அடித்துக் கொல்கிற, மனிதனை மனிதனாக நினைக்காத ஆள். அந்த வில்லனின் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து, சாதிப் பாட்டுகளைப் பின்னணியில் ஒட்டி, சமூக வலைத்தளங்களில் ஓடவிட்டுக் கொண்டாடினார்கள். இயக்குநர் ஒரு படம் எடுத்தார். அவர்கள் அதற்குள்ளிருந்தே வேறொரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே படம் கொட்டகையில் முடிவதில்லை. பார்த்தவன் வாயில் அது மறுபடி எடுக்கப்படுகிறது. அந்த இடத்தில் நாம் பேசாமல் இருந்தால் அவன் எடுத்த படம்தான் நிற்கும்.

இசைக்கு வருவோம். பறையை ‘சாவு மேளம்’ என்று சொன்னது யார்? சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, தண்டோரா போடு என்று கூலியில்லாமல் வேலை வாங்கியவர்கள். அதனால்தான் பல ஊர்களில் நம்மவர்கள் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்தார்கள். அடியும் பட்டார்கள். இன்னொரு பக்கம், இது நம் விடுதலை இசை என்று அதே பறையை மேடையில் ஏற்றினார்கள். ரெண்டும் போராட்டந்தான். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியது. அந்தப் பெயருக்கே வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. மகிழ்ச்சி. ஆனா மேடையில கை தட்டுறவன் ஊருக்குப் போய், ‘எங்க வீட்டுச் சாவுக்கு நீதான் வந்து அடிக்கணும்’னு சொன்னா, அவன் ரசிச்சது எதை?

டி.வி.யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் ராமாயணம் தொடர் ஓடியபோது நம் பிள்ளைகள் பலர் யாரோ வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். 2006க்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. பெட்டி சேரிக்குள் வந்தது. சேரி பெட்டிக்குள் வரவில்லை. தொடர்களில் பெரிய வீடு, பூசை அறை, நகை, சொத்துத் தகராறு. பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்த நம் அக்கா அதைப் பார்க்கிறார். அவரைக் கேலி பேசாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள், ‘அந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது யாருக்கா?’ என்று கேளுங்கள். அவரே மிச்சத்தைச் சொல்வார்.

‘தேவர் மகன்’ வந்த அதே 1992இல்தான் பாமாவின் ‘கருக்கு’ம் வந்தது. தெருவில் பேசுகிற தமிழில் ஒரு தலித் பெண் தன் வாழ்க்கையை எழுதினார். ‘மொழி கொச்சை’, ‘இது நாவலா, சுயசரிதையா’ என்றார்கள். 2000இல் ஆங்கிலத்தில் வந்து, பிறகு பல்கலைக்கழகங்களில் பாடமானது. நம் அம்மா பேசுகிற தமிழை இங்கிலீசில் படித்தால் இலக்கியம், தமிழில் படித்தால் கொச்சை! கொச்சை என்ற சொல் இலக்கணத்திலிருந்து வரவில்லை தோழர்களே, தெருவிலிருந்து வருகிறது. எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்லப்படுகிற சொல் அது.

கடைசியாக ஒன்று. நம் பக்கம் நின்று எடுத்த படம் என்றால் வாயை மூடிக்கொள்வதும் சரியில்லை. ‘ஜெய் பீம்’ 2021இல் வந்து நாட்டையே உலுக்கியது. 1993இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ராசாக்கண்ணுவின் வழக்குதான் கதை. அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர், படத்தில் இருளர். இருளர் படுகிற கொடுமையும் உண்மைதான். அதற்காகக் குறவர் பெயரை எடுத்துவிடலாமா? செங்கேணியின் பிடிவாதம் பெரிதா, வக்கீலின் திறமை பெரிதா? படத்தைக் கொண்டாடிக்கொண்டே இதைக் கேட்கலாம். கேட்டால் படம் ஒன்றும் குறைந்துபோகாது. அடுத்த படம் எடுக்கிறவருக்கு உதவும்.

1907இல் அயோத்திதாசர் ஒரு பைசா விலையில் பத்திரிகை நடத்தினார். உங்கள் கையில் அதைவிட வசதி இருக்கிறது. அடுத்த படம் பார்த்ததும் அரைப்பக்கம் எழுதுங்கள். யார் கை போச்சு, யாருக்கு நாற்காலி போட்டாங்க, யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னாங்க? அப்புறமும் உங்களுக்குப் படம் பிடிச்சிருந்தா, நல்லாயிருக்குன்னு தைரியமா சொல்லுங்க. அது உங்க சொந்தக் கருத்து. எழுதியதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், வாசித்துச் சண்டை போடுவோம்.

ஜெய் பீம்.