பள்ளிக்கூடம் மூடினாலும் படிப்பு நிற்கக் கூடாது

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நான் இன்று நிற்கவில்லை. நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தால் தொழிலாளியின் பிள்ளை என்ன ஆகிறது? அப்போது நாம் என்ன செய்ய வேண்டும்? இதுவும் வர்க்கப் பிரச்னைதான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஏறக்குறைய 19 மாதங்கள்! ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கு வந்த குழந்தை, இரண்டாம் வகுப்பின் வாசலையே பார்க்காமல் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தது.

நோய் பரவுகிற காலத்தில் பூட்டியதை நாம் குறை சொல்லவில்லை. பூட்டிய பிறகு யாருடைய படிப்பு தொடர்ந்தது, யாருடைய படிப்பு அறுந்தது என்பதே நம் கேள்வி. வசதி படைத்தவன் பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கருவி, தனி வாத்தியார். நம் பிள்ளைக்கு? 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரை ஆய்வாளர்கள் நேரில் கண்டு விசாரித்தார்கள். கிராமங்களில் செல்போன் மூலம் ஒழுங்காகப் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். அறவே படிக்காதவர்கள் நூற்றுக்கு 37 பேர். தொலைக்காட்சியிலும் பாடம் வந்தது, உண்மைதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஆசிரியருக்கு எதிரே இருக்கும் பிள்ளை விழிப்பது தெரியுமா?

நம் தவறு

தோழர்களே, சர்க்காரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் இறங்கிப் போக முடியாது. எங்கள் தெருவில் ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள். 2020-ல் எட்டாம் வகுப்பு. வீட்டிலிருந்த ஒரே செல்போன் காலையிலேயே அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். ஆறு மாதத்தில் புத்தகம் பரணில் ஏறியது. மறு வருஷம் அவள் பஞ்சாலை வேனில் ஏறினாள். 2021 செப்டம்பர் 1-ந் தேதி மேல் வகுப்புகள் திறந்தபோது அவள் பெயர் பத்தாம் வகுப்பு ரிஜிஸ்தரில் இருந்தது. அவள் ஆலையில் இருந்தாள்.

அந்த வேன் தினமும் நம் கொடிக்கம்பத்தைத் தாண்டித்தான் போயிற்று. அந்த ஆலையின் குறைந்த கூலியைக் கண்டித்து நானே துண்டுப் பிரசுரம் எழுதியிருக்கிறேன். ஆனால் வேனுக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. இது என் தவறு. சங்கத்தின் தவறு. மறுபடியும் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

மறுபடியும் பள்ளி மூடுமா என்று கேட்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் சென்னையும், பின்னர் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கின. வெள்ளம் வந்தால் முதலில் மூடுவது பள்ளிக்கூடம். வீடிழந்தவர்கள் ஒதுங்குவதும் அங்கேதான். குடிசையில் தண்ணீர் புகுந்தால் புத்தகமும் போகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்ய முடியும்?

"எனக்கே கையெழுத்துப் போடத் தெரியாது, நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. படிப்பு அறுந்து போகாமல் காப்பது நம் வேலை. அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

நடவு முடிந்து வந்ததும், அல்லது ஷிப்டு முடிந்து வந்ததும், அரைமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "என்ன படித்தாய்? உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். புரிந்து படித்த பிள்ளை கதையாகச் சொல்லும். மனப்பாடம் செய்த பிள்ளை திணறும். இன்னொரு சோதனையும் உண்டு. வரியின் நடுவில் ஏதாவது ஒரு வார்த்தையில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். எழுத்தைப் பார்க்கிறதா, கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கணக்குக்கு நம் தொழிலைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது? இந்த வாரம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எவ்வளவு பிடித்தம் என்பதைப் பிள்ளையை விட்டே எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். பிடித்தத்தில் நடக்கும் மோசடியும் வெளியே வரும்! 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். 40 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு நின்றால் அது 40-ம் நம்பர் நூல். அப்படியானால் ஒரு பவுண்டில் எத்தனை கெஜம்? ஆலைத் தோழர் தன் மகனைக் கேட்கட்டும். வயலில் நிற்கும் தோழர், மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்றால் ஏழு மாவுக்கு எத்தனை ஏக்கர் என்று கேட்கட்டும்.

ஆனால் ஒற்றை வீட்டால் எல்லாம் ஆகாது. தெருவுக்கு ஓர் இடம் வேண்டும். நம் சங்கக் கட்டிடம் மாலையில் பூட்டித்தானே கிடக்கிறது? அதில் பாய் விரியுங்கள், விளக்கைப் போடுங்கள். கல்லூரிக்குப் போகும் வாலிபர்களும் பெண்களும் பத்துப் பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளட்டும். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் படிப்பு நிற்கும்.

இது நடக்காத காரியமா? 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தாய்மார்கள் செய்து காட்டியதைப் பிள்ளைகளுக்காக நாம் செய்ய முடியாதா?

இழந்ததை மீட்க முடியும்

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் துவங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பாடம் நடத்தினார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு என்ன சொல்கிறது? பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டு வந்தது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஆகவே, "போனது போனதுதான்" என்று எந்தத் தாயும் தகப்பனும் கைவிட வேண்டாம்.

அந்தப் பெண்களுக்குக் கொடுத்ததோ மாதம் 1,000 ரூபாய்! உழைப்பைப் போற்றுகிறோம், சொற்பக் கூலியைக் கண்டிக்கிறோம். தன்னார்வலரைக் காட்டி ஆசிரியர் நியமனத்தைத் தட்டிக் கழிப்பதையும் ஏற்க மாட்டோம்.

பள்ளி மூடும் காலத்துக்கு நம் கோரிக்கைகள் தெளிவானவை. புத்தகமும் நோட்டும் முதல் வாரத்திலேயே வீடு வந்து சேர வேண்டும். மதிய உணவு எந்த வடிவிலாவது நிற்காமல் கிடைக்க வேண்டும். ஆசிரியர்கள் சேரிக்கும் காலனிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். பள்ளி திறந்ததும், வராத பிள்ளையைப் பெயர் சொல்லித் தேட வேண்டும்.

அந்தக் கடைசி வேலையில் சங்கமும் கூட நிற்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் தெருவிலுள்ள பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை இப்போதே எழுதி வைக்கட்டும். சந்தாப் புத்தகத்தோடு அந்தப் பட்டியலும் இருக்கட்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டுக் கதவை அன்றைக்கே தட்ட வேண்டும்.

ஆலை வேனில் நம் பிள்ளை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இனி ஒரு கொடிக்கம்பமும் நிற்கக் கூடாது, தோழர்களே!