டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

பேங்க் கிளார்க்குக்கு வீல் அலைன்மென்ட்டில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். இதுவும் வரவு செலவுக் கணக்குதான்.

என் மகன் தன் வேகக் காருக்குப் பந்தயக் கார்போல முன்சக்கர கேம்பரை மைனஸ் 3 டிகிரி வைத்தான். அதாவது, சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். வேகமாக வளையும்போது டயர் நன்றாகப் பதியும், அது வரவு. நேர்ச் சாலையில் உள்விளிம்பு தேயும், அது செலவு. வெளியே புதிதாகத் தெரிந்த டயரில், உள்ளே கம்பி எட்டிப் பார்த்தது. அந்தக் காரில்தான் பேத்தி பள்ளிக்குப் போகிறாள். மழை நாளாக இருந்திருந்தால்?

இப்போது கேம்பர் மைனஸ் 1. டோ கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டும் கம்பெனி சொன்ன வரம்புக்குள்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும்; ஆகவே டோவைக் கடைசியில் சரிசெய்யச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, டயரின் உள்விளிம்பைப் பாருங்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வருமுன் மாற்றிவிடுங்கள்.