கமிட்டி காகிதத்தில் இருந்தால் போதுமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பெரட்டுக்கு முன்பே எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர்கள் நாம். பாம்பும் குளவியும் பால்வெட்டும் கத்தியும் நமக்குப் புதியவை அல்ல. அதனாலேயே, "இதெல்லாம் தொழிலோடு பிறந்தது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். இந்தப் பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி பாதுகாப்புக் கமிட்டி அமைத்தே ஆகவேண்டும். 1996-இன் விதிகள் இன்னும் தெளிவானவை. 100 பேர் வரை என்றால் நிர்வாகத் தரப்பில் இருவர், நம் தரப்பில் இருவர். அதற்கு மேல் என்றால் நால்வர், நால்வர். இதற்குக் குறையக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூடவேண்டும். வேலையிடத்தைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டும். ஆபீசில் தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது சுற்றிப் பார்ப்பதாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். நாம் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் அம்மா ஒருவர் இருந்தார். அவர் முதுகில் சுமந்த பம்பு ஒழுகியது. கங்காணியிடம் மூன்று முறை சொன்னார். "துணியை வைத்துக் கட்டிக்கொள்" என்பதே பதில். முதுகுத் தோல் வெந்து அவர் டிரஸ்ஸரிடம் போன அதே மாதம் கமிட்டி கூடியது. நடவடிக்கைக் குறிப்பில் "குறை ஏதும் இல்லை" என்று பதிந்தார்கள். அதை எழுதிய கிராணியின் கை நம்முடைய கைதான். சொன்னதை எழுதினோம், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்காகப் பேசக் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை நம் நாடு 2002-இல் தடை செய்தது, 2006-இல் தடையை நீக்கியது, 2020 ஜனவரி முதல் மீண்டும் தடுத்தது. நல்லது. ஆனால் மருந்தின் பெயர் மாறினாலும் பம்பு அதே முதுகில்தான் ஏறுகிறது. கையுறை கிழிந்திருக்கிறதா, கழுவத் தண்ணீர் இருக்கிறதா, மருந்து கலக்குமிடம் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, பால் ஸ்டோரில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டியது கமிட்டிதான். சொக்சோ விபத்துக்குப் பின் வரும் உதவி. கமிட்டியின் வேலை விபத்துக்கு முன்னே.

பேசினால் வேலை போய்விடுமே என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனாலும் கேளுங்கள்: பாதுகாப்புக் குறையைச் சொன்னதற்காகவோ, கமிட்டியில் இருப்பதற்காகவோ ஒருவரை நீக்கக்கூடாது என்கிறது இதே சட்டம். 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உடனடி ஆபத்தைத் தெரிவித்தும் முதலாளி சரி செய்யாவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். ஆகவே "நாங்கள் 40 பேர் இல்லை" என்ற சாக்கும் செல்லாது.

அடுத்த சுற்றில் முதலில் மருந்துக் கொட்டகைக்குப் போவோம். நம் தரப்புப் பெயர்களை இன்றே கொடுங்கள். மருந்தடிக்கும் பெண் ஒருவர் கட்டாயம் வேண்டும்; வங்காளதேசத் தோழர் ஒருவரும் வேண்டும், அவர்களும் அதே மருந்தைத்தான் சுவாசிக்கிறார்கள். நோட்டும் பேனாவும் இதோ மேசைமேல் இருக்கின்றன.